சாட்சிக் கையொப்பம்

எங்கள் ஆய்வுகூடத்தில் சீனி டின்னுக்கும் சொந்தக்காரர் உண்டு. தேயிலைப் போத்தலுக்கும் உண்டு. யார் வாங்கியது, என்றைக்கு வாங்கியது என்று வெள்ளை நாடாவில், நீல மையில், சற்றே இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அமிலப் போத்தல்களுக்கு அப்படி ஒட்டுவது எல்லா ஆய்வுகூடங்களிலும் உள்ள வழக்கம். சீனிக்கும் ஒட்டியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவர் போன பிறகு சீனி எத்தனையோ தடவை தீர்ந்து நிரம்பிவிட்டது. நாடாவை யாரும் கிழிக்கவில்லை.

அவர் எங்கள் இரசாயனவியல் துறையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கல்முனைப் பக்கத்தில் நாங்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், அண்ணனைக் காக்கா என்போம். அவர் என்னை சேர் என்பார். மாணவர்களுக்கு அவர் மிஸ், துறைத்தலைவருக்கு டி.ஓ. அவருக்கு ஒரு பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

"இது ஆர்ர ஹக்கு?" என்பதுதான் அவர் நாள் முழுவதும் கேட்கும் கேள்வி. ஆர்ர என்றால் யாருடைய, ஹக்கு என்றால் ஒருவருக்குச் சேர வேண்டிய உரிமை. மேசையில் ஒரு பேனா கிடந்தால் கேட்பார். குளிர்சாதனப் பெட்டியில் பாதித் தேசிக்காய் கிடந்தாலும் கேட்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்தத் தேசிக்காய் அவர் கண்முன்னாலேயே காய்ந்து கறுக்கும். அவரும் தொட மாட்டார், பிழிந்து குடிக்க வருபவரையும் விடமாட்டார்.

"தொழுகைய விட்டா அல்லாஹ் மன்னிப்பான் சேர். மனிசர்ட ஹக்க அந்த மனிசன்தான் மன்னிக்கோணும். மௌத்துக்குப் பொறகு அவன எங்க போய்த் தேடுற?" என்பார்.

நாங்கள் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவன்.

உமி எடுக்கப் போன நாள் நினைவிருக்கிறது. எங்கள் பகுதியில் சில கிணறுகளில் தண்ணீர் அள்ளும்போது கண்ணாடியாக இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மங்கி, சாயத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். இரும்புச் சத்து. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் எல்லாம் ஒரே மஞ்சள். நெல் மில்களில் உமி மலையாகக் கிடக்கிறதே, அதை எரித்த சாம்பலால் இந்தத் தண்ணீரை வடிகட்டலாமா என்று நான் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தேன். துறை வாகனத்தில் இறக்காமம் வீதியில் இருந்த ஒரு மில்லுக்குப் போனோம். வேலையாட்கள் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். ராத்தா வெறுஞ்சாக்கைக் கையில் பிடித்தபடி வாகனத்தின் அருகிலேயே நின்றார்.

"மொதலாளி வரட்டும் சேர்."

முதலாளி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. விஷயத்தைக் கேட்டதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குப்பைக்கும் பொருத்தமா ராத்தா? இத அள்ளிக் கொட்டுறத்துக்கு நான் ஆளுக்குக் கூலி குடுக்கிறன்."

"உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க காக்கா."

"பொருத்தம். எடுத்துக்கங்க. வேணுமெண்டா மில்லையும் எடுத்துக்கங்க."

"மில் வேணா" என்று சொல்லிவிட்டு ராத்தா சாக்கை விரித்தார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

பொருத்தம் என்பது எங்கள் ஆட்களிடையே பெரிய சொல். மனமொப்பித் தருவதற்கும் அதைத்தான் சொல்வோம், செய்த பிழையைப் பொறுத்துக்கொள்வதற்கும் அதைத்தான் சொல்வோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். ராத்தா ஒரு சாக்கு உமிக்குக் கேட்டார்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து புலமைச் சொத்து உரிமைகள் பற்றி எங்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த அமர்வு. விரிவுரையாளர்கள் பாதிப்பேர் கைத்தொலைபேசியில், மீதிப்பேர் அரைத் தூக்கத்தில். அவர் நல்ல விஷயங்களைத்தான் சொன்னார். ஆய்வுக் குறிப்புகளை உதிரித் தாளில் எழுதக் கூடாது, கட்டிய கொப்பியில் எழுத வேண்டும். பக்கங்களுக்கு இலக்கம் போட வேண்டும். கிழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசி அழிக்கக் கூடாது. எழுதியவர் திகதியிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். அதன் கீழே, வேலையை விளங்கக்கூடிய, ஆனால் கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவர் சாட்சியாக 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். ஆக்கவுரிமைக்கு, அதுதான் நாங்கள் பேட்டன்ட் என்பது, விண்ணப்பிக்கும் வரைக்கும் கண்டதை ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது.

ராத்தா தேநீர் ஏற்பாட்டுக்காக வந்தவர். கதவோரத்தில் நின்றபடி பிஸ்கட் வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் மண்டபம் முழுவதிலும் உயர்ந்த கை அவருடையது மட்டும்தான்.

"சேர், ஒரு சாமானக் கண்டுபுடிச்ச ஆள் எண்டு ஆரச் சொல்லுற? கையால செஞ்சவரையா, சம்பளம் குடுத்தவரையா?"

"ரெண்டு பேரையும் இல்ல மிஸ்" என்றார் அதிகாரி. "யோசனை யாருடையதோ அவர்தான். சொன்னபடி செய்து மட்டும் கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் போதும். யோசனையும் அவருடையது என்றால், அவர் பியோனாக இருந்தாலும் பெயர் போடத்தான் வேணும். எனக்கு வேணாம் எண்டு அவரே எழுதித் தந்தாலொழிய விட ஏலாது."

ராத்தா அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தார். முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இலக்கம் போட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நான் எழுதி ஒப்பமிடுவேன். அவர் விரல் வைத்து வரி வரியாக வாசித்துவிட்டு, கீழே சாட்சியாக ஒப்பமிடுவார். அந்த வேலையை விளங்கக்கூடிய இன்னோர் ஆள் ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. அதில் ஒரு பிழை இருப்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அப்போது அது பிழையாகவும் இருக்கவில்லை.

பிறருடைய ஹக்கு என்று வந்துவிட்டால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பவர் அல்ல. பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு மாணவி என்னிடம் இறுதியாண்டு ஆய்வு செய்தாள். கிணறு கிணறாகத் திரிந்து தண்ணீர் மாதிரிகள் சேகரித்தவள் அவள்தான். அந்த அளவீடுகளை வைத்து நான் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பத் தயாரானேன். ராத்தா அச்சுப்பிரதியைப் புரட்டிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பாண்டிருப்புப் புள்ளட பேர் எங்க சேர்?"

"கடைசியில நன்றி போட்டிரிக்கன் ராத்தா."

"இந்தக் கிணறுகளத்தான் எடுக்கோணும் எண்டு சொன்னதே அந்தப் புள்ளதானே. நன்றி கடையில சாமான் வாங்கினாலும் சொல்றதுதானே சேர்."

அவர் அங்கிருந்து நகரவில்லை. நான் கணினியைத் திறந்து அந்தப் பெண்ணின் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் போனார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

சாம்பல் எங்களை நன்றாக அலைக்கழித்தது. குழாயில் சாம்பலை நிரப்பித் தண்ணீர் விட்டால் முதல் ஒரு மணி நேரம் நன்றாக வடியும். பிறகு சாம்பல் ஊறிச் சேறாகி அடைத்துக்கொள்ளும். துணி வைத்துப் பார்த்தேன், மணல் கலந்து பார்த்தேன். இரண்டு மாரி போயிற்று. நான் அந்த ஆய்வைக் கைவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாம் என்றிருந்த நேரம், ஒரு காலையில் ராத்தா தன் கைப்பையிலிருந்து இடியப்ப உரலை எடுத்து மேசையில் வைத்தார். பித்தளை உரல். அதன் பிடியிலும் வெள்ளை நாடா ஒட்டி, தன் பெயரையும் திகதியையும் எழுதியிருந்தார்.

"சேர், ஒண்டு கேக்கவா? தூளா வெக்கிறதாலதானே சேறாகுது? சட்டி செய்யிற களியில கொஞ்சம் போட்டுக் கொழச்சி, இடியப்பம் மாதிரிப் புழிஞ்சி, காய வெச்சிச் சுட்டா என்ன? மறுகா நெல்லுப் போல ஒடச்சி நெரப்புவம். தண்ணிக்குப் போக எடவெளி இரிக்கும்."

முதல் தடவை சுட்டபோது வெடித்துப் போயிற்று. இரண்டாம் தடவை கல்லாக இறுகிவிட்டது, தண்ணீர் உள்ளே போகவில்லை. அதற்கும் அவர்தான் சொன்னார். "எரிக்காத உமியும் ஒரு புடி சேப்பம். சூளைக்குள்ள அது எரிஞ்சி போனா ஓட்ட ஓட்டயா வரும்தானே." நான் விகிதம் கணித்தேன், வெப்பநிலை பார்த்தேன், அளந்தேன், அட்டவணை போட்டேன். அதெல்லாம் என் வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உரலைக் கொண்டு வந்தது நான் அல்ல.

பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வடிந்தது. ஒரு நாள் வைத்துப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. ராத்தா அதில் தேத்தண்ணி போட்டார். இரும்புத் தண்ணீரில் போட்டால் தேத்தண்ணி கறுத்துப் போகும். அன்றைக்குத் தேத்தண்ணி தேத்தண்ணி நிறத்திலேயே இருந்தது. இருவரும் நின்றபடி குடித்தோம். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பின்னேரம் கொப்பியின் அறுபத்தோராம் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். சாம்பல் இவ்வளவு, களி இவ்வளவு, உமி இவ்வளவு, அச்சில் பிழிந்து, உலர்த்தி, சுட்டு. யார் சொன்னது என்பதை எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல முடியாது. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் வழக்கம்போல விரல் வைத்து வாசித்து, சாட்சியாக ஒப்பமிட்டார்.

விண்ணப்பப் படிவம் நிரப்பும் நாளில் துறைத்தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதலாவதாகத் தன் பெயரையும் இரண்டாவதாக என் பெயரையும் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அவர் அந்தக் கிணற்றை ஒரு நாளும் கண்டதில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நடக்கிறதுதான்.

"ராத்தாட பேரும் வரோணும்போல இரிக்கி சேர்" என்று மட்டும் சொன்னேன். சொன்னேன் என்பதை இன்றுவரை எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

"டி.ஓ.வா? அவ கொப்பி முழுக்கச் சாட்சியா ஒப்பம் வெச்சிரிக்கிறா. சாட்சி வெச்ச ஆளே கண்டுபுடிச்ச ஆள் எண்டு வந்தா எல்லாப் பக்கத்துக்கும் கேள்வி வரும். கொழும்பு ஆள் சொன்னதுதானே? நீங்க இந்த வருஷம் பேராசிரியருக்குப் போடப் போறீங்க. ஃபைல் சுணங்கினா ஆருக்கு நட்டம்? நன்றியில போடுவம்."

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வசனம். யோசனை அவருடையது. அந்த வசனம் வாய்க்குள் இருந்தது. பேராசிரியர் பதவிக்கான புள்ளிகளும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தன. நான் பேனாவை எடுத்து என் பெயருக்கு எதிரே ஒப்பமிட்டேன். ராத்தா ஓர் ஒழுங்கு என்று நினைத்து நாள்தோறும் வைத்த கையொப்பம், அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்த எங்களுக்கு உதவியது.

படிவத்தைப் பிரதி எடுக்க அவரிடம்தான் கொடுத்தனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். தாள்கள் விளிம்பு பிசகாமல் அடுக்கி, கிளிப் போட்டு.

"சேர், மூணாம் பக்கத்துல திகதி பிழை. பதினாலு இல்ல, பதினாறு. கொப்பியில அறுபத்தோராம் பக்கம் பாருங்க."

கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. திகதியைத் திருத்தினேன். அவர் "சரி சேர்" என்றுவிட்டுப் போனார்.

இது ஆர்ர ஹக்கு என்று அவர் கேட்பார், கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்று ஒரு பதிலை மாதக்கணக்கில் தயாராக வைத்திருந்தேன். நிர்வாகச் சிக்கல், ராத்தா. அடுத்ததில் கட்டாயம் போடுவோம், ராத்தா. அவர் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது, நாடாக்கள் ஒட்டப்பட்டன, எல்லாம் முன்போலவே நடந்தது. இடியப்ப உரல் மட்டும் மேசையில் இல்லை. கேட்டதற்கு, "வூட்டுல தேவப்படுது சேர்" என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. புறப்பட ஒரு வாரம் இருக்கையில் அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்டோவில் கணவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். மனைவி தேத்தண்ணியும் தொதலும் கொண்டு வந்து வைத்தாள். ராத்தா கோப்பையைத் தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மனனம் செய்து வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சேர், இவ்வளவு காலமும் உங்களோட வேல செஞ்சிரிக்கன். தெரிஞ்சோ தெரியாமலோ உங்கட ஹக்கு ஏதும் எனக்கிட்ட இரிந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டன் ராத்தா" என்றேன்.

இப்படிக் கேட்டால், கேட்கப்பட்டவரும் திருப்பிக் கேட்பது வழக்கம். எங்கள் பிழையையும் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. ஏறக்குறைய எல்லோரும் சடங்காகச் சொல்லிவிடுகிற சொல். நான் சொல்லவில்லை. சொன்னால் அது சடங்காக இருக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கைகளை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. அதன் இறக்கைகளில் தூசி படிந்திருக்கிறது, துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

"நீங்களும் கேளுங்களன்" என்றாள் மனைவி சிரித்துக்கொண்டே.

"எங்களுக்காக துஆச் செய்யுங்க ராத்தா" என்றேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். ஹஜ்ஜில் அரபா மைதானத்தில் நின்று யார் யாருக்காகப் பிரார்த்திப்பது என்று பெயர்கள் எழுதி வைத்திருந்தார். நீல மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் பிடித்தார்.

"உங்கட பேர் எழுதியிரிக்கி சேர். பேர் சொல்லித்தான் கேப்பன். எழுத்துப் பிழ இரிக்கா பாருங்க."

என் முழுப்பெயர், வாப்பாவின் பெயரோடு. "பிழையில்ல" என்றேன். அவர் கொப்பியை மூடினார். தேத்தண்ணியைக் குடித்தார். ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும்போது ஸம்ஸம் தண்ணீர் கொண்டு வந்து தந்தார். போத்தலில் நாடா ஒட்டி என் பெயர் எழுதியிருந்தது.

ஆக்கவுரிமை கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் துறை அலுவலகத்தில் மாட்டினார்கள், இரண்டு பெயர்களோடு. பேராசிரியர் பதவியும் வந்தது. துறைத்தலைவர் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போனார். அடுத்த வருடம் ராத்தாவும் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் நான்தான் பேசினேன். அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினேன்.

அவர் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. இன்னாரின் மகளும், ஓய்வு பெற்ற தபால் உத்தியோகத்தர் இன்னாரின் மனைவியும், இன்னாரின் சகோதரியுமானவர் வபாத்தானார். எங்கள் பள்ளியில் பெண்களின் மரணத்தை அப்படித்தான் அறிவிப்பார்கள், அவர்களுடைய பெயரைச் சொல்வதில்லை. நான் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"அல்லாஹ்வே, உங்கட ராத்தா."

நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உள்ளே ஓர் இடம் மரத்துப்போய் இருக்கிறது. கிள்ளிப் பார்த்தால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய காக்கா எழுந்து, கூட்டத்தைப் பார்த்து வழக்கப்படி கேட்டார்.

"என்ட தங்கச்சி ஆருக்கும் கடன்பட்டிருந்தா எங்களுக்கிட்டச் சொல்லுங்க. ஆர்ர மனசையும் நோகடிச்சிரிந்தா பொருந்திக்கங்க."

"பொருந்திட்டம்" என்றது கூட்டம். மூன்றாம் வரிசையில் நின்ற நானும் சொன்னேன். உங்களில் யாரிடமாவது இந்த மையித்தின் ஹக்கு இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் நான் கை உயர்த்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் புலமைச் சொத்துப் பயிற்சிப் பட்டறையை நடத்துவது நான். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். கட்டிய கொப்பி, பக்க இலக்கம், சாட்சி எல்லாம் சொல்கிறேன். கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி வரும்போது, அந்தக் கொழும்பு அதிகாரியின் பதிலைப் பியோன் உட்பட அப்படியே ஒப்புவிக்கிறேன். பிழையாகப் பெயர் விடுபட்டால் திருத்தம் கேட்டு எழுதலாம் என்றும் சொல்கிறேன்.

போன தடவை முன்வரிசையில் அந்தப் பாண்டிருப்புப் பெண் இருந்தாள். இப்போது எங்கள் துறையிலேயே விரிவுரையாளர். கை உயர்த்தினாள்.

"சேர், சாட்சியா ஒப்பம் வச்சவருடையதுதான் அந்த யோசனை எண்டா? அவருக்கு உரிமை இல்லாமல் போயிடுமா?"

என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இல்ல" என்றேன். "பிழையான இடத்துல ஒப்பம் வெச்சதால யோசனை இன்னொருத்தருக்குப் போகாது. பெயர் போடத்தான் வேணும்."

"நன்றி சேர்" என்று உட்கார்ந்தாள். அன்றைக்குப் பின்னேரம் நான் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

மகள் இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. என்னை உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்ல வெகுநேரம் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியில், "உம்மாட வாரிசு நீங்கதான் மகள். அவட ஹக்க நீங்க எனக்குப் பொருந்தித் தரோணும்" என்றேன்.

"உம்மாக்கு எல்லாம் தெரியும் சேர்."

"ஏதும் சொன்னாவா?"

"வாப்பா சண்ட புடிச்ச, போய்க் கேளுங்க எண்டு. உம்மா மாட்டன் எண்டிட்டா. அவரு ஒரு நாளைக்கு வந்து கேப்பாரு, கேட்டா நான் பொருந்திருவன் எண்டு சொன்ன. ஹஜ்ஜுக்கு முந்தி உங்கட வூட்டுக்கு வந்ததும் அதுக்குத்தான். திரும்பி வரக்குள்ள ஆட்டோக்குள்ள உம்மா அழுத எண்டு வாப்பா சொன்னாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"காசு எண்டா நான் பொருந்துவன் சேர். அது எங்களுக்கு வாற சொத்து. பேர் உம்மாட. அத நான் எப்புடிப் பொருந்துற?"

எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. "நான் ராத்தாவப் பத்தி ஒரு கட்டுரை எழுதப் போறன். அவட பேரோட" என்றேன்.

"அந்த ஃபோர்ம்ல எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அங்க எழுதுற வரைக்கும் வேற எங்கயும் உம்மாட பேர எழுத வேணா சேர்."

எழுந்து வரும்போது குசினி அலுமாரியில் அந்தப் பித்தளை உரல் தெரிந்தது. பிடியில் நாடா இன்னும் இருந்தது.

இதில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். திருத்தம் கேட்கும் கடிதத்தை அன்றைக்கே தட்டச்சுச் செய்துவிட்டேன். யோசனை யாருடையது, உரல் யாருடையது, அறுபத்தோராம் பக்கத்தில் எதை எழுதாமல் விட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது போனால் என் பதவி உயர்வுக் கோப்பை மறுபடியும் திறப்பார்கள். கொழும்பிலிருக்கும் பழைய துறைத்தலைவர் தொலைபேசியில் கத்துவார். கடிதம் மூன்று மாதமாக என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அவருடைய பெயர் அதில் முழுதாக இருக்கிறது, அவருடைய வாப்பாவின் பெயரோடு. எழுத்துப் பிழை இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கீழே நான் ஒப்பம் வைக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.